மிச்சம் யாருக்கு, வேலை யாருக்கு

“இதை வீட்டிலேயே செஞ்சுக்கலாமே” என்று எங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால், “சரி, யார் செய்யறது?” என்று நான் கேட்பேன். பாதி யோசனைகள் அந்த இடத்திலேயே படுத்துவிடும். மீதிப் பாதி பிழைத்துக்கொண்டு, வருடக்கணக்காக நடக்கிறது. எது பிழைத்தது, எது படுத்தது, ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே ஒரு பொருளுக்கு அடக்க விலை போடும்போது இரும்பு, கரண்ட், வாடகை, கூலி எல்லாவற்றையும் சேர்ப்போம். கூலியை விட்டுவிட்டால் எதைச் செய்தாலும் லாபம் என்றுதான் வரும். குடும்பச் சிக்கனக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படிக் கூலியை விட்டுப் போட்ட கணக்குகள்தான். வீட்டிலேயே நெய் காய்ச்சுங்கள், வீட்டிலேயே வடகம் போடுங்கள், வீட்டிலேயே சோப்பு செய்யுங்கள் என்று அடுக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து நிற்கிறாள். அவள் நேரத்துக்கு நேரே நோட்டில் பூஜ்யம்.

அந்த நேரத்தை ரூபாயாக மாற்றவெல்லாம் நான் முயலவில்லை. வீட்டு வேலைக்கு விலை போடக் கிளம்பினால் சண்டைதான் மிஞ்சும். எத்தனை மணி நேரம், அது யாருடையது என்று மட்டும் செலவுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். அப்படி எழுதிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பழுது பார்ப்பது அநேகமாக எப்போதும் லாபம். புதிதாக ஒன்றைத் தயாரிப்பது அநேகமாக நஷ்டம். சமையல் மட்டும் இரண்டுக்கும் நடுவே ஆளைப் பொறுத்து ஆடுகிறது.

பழுதிலிருந்து தொடங்குகிறேன். சீலிங் ஃபேன் சுற்றும், காற்று வராது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுவதுபோல் அசைந்துகொண்டிருக்கும். அல்லது ஸ்விட்ச் போட்டதும் ஙொய் என்று முனகிக்கொண்டு நிற்கும், குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மெல்லக் கிளம்பும். பெரும்பாலும் கோளாறு கெப்பாசிட்டரில்தான் இருக்கும். மோட்டாருக்கு மேலே, கம்பியைச் சுற்றி இருக்கும் மூடிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி அது. சாதாரண வீட்டு ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். எலெக்ட்ரிகல் கடையில் நூறு ரூபாய்க்குள் முடியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வந்து போகும் கூலி அதைப்போல் பல மடங்கு. அதைவிட, “சாயங்காலம் வர்றேங்க” என்று அவர் சொன்ன நேரத்திலிருந்து உண்மையில் வரும் நேரம் வரை வீட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

செய்முறை கடினமில்லை, கவனம்தான் வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். சில வீடுகளில் ஒயரிங் தலைகீழாக இருக்கும். ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டு ஃபேஸை அப்படியே உயிரோடு விட்டிருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மூடியை இறக்கலாம். பழைய கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம் என்பதால், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு முறை சேர்த்துத் தொட்டுவிட வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் இல்லை. இந்தக் கெப்பாசிட்டருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. இருந்த இரண்டு இடங்களில் புதியதை இணைத்தால் சரி. அரை மணி நேர வேலை. ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் அது பேரிங். அதற்கு ஃபேனைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போவதுதான் வழி. அங்கே நான் கை வைப்பதில்லை.

எட்டாவது படிக்கும் மகன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்தே கற்றுக்கொண்டான். இப்போது பக்கத்து வீட்டு அக்கா அவனைத்தான் கூப்பிடுகிறார். பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அது பெரிய அவமானம்.

குழாய் இதைவிடச் சுலபம். பழைய பித்தளைக் குழாய் ஒழுகினால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். சில ரூபாய்ப் பொருள். புதுமாதிரிக் குழாய்களில், கால் திருப்பில் திறந்து மூடுகிறவற்றில், வாஷருக்குப் பதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே எடுத்துப்போய்க் கடையில் காட்டி அதே அளவில் வாங்க வேண்டும், வாயால் சொல்லி வாங்க முடியாது. மரையில் டெஃப்ளான் டேப் சுற்றும்போது, குழாயை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே டேப் பிரிந்து வந்துவிடும், ஒழுகல் நிற்காது. நொடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகும் குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டரைக் கொட்டிவிடும். எங்கள் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் கிடையாது. குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வரும், மீதிக்கு போர் தண்ணீர். இரண்டையும் மோட்டார் போட்டுத்தான் மேலே ஏற்றுகிறோம். ஆக, ஒழுகும் குழாய் கரண்ட் பில்லிலும் ஒழுகுகிறது.

கரண்ட் பில் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. 500 யூனிட் கோடுதான் பலருக்குத் தெரிவதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 வரை செலவழிக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, அடுத்த நூறுக்கு 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால், அந்த 2 ரூபாய் 25 காசு விலை பறிபோகும். 101இலிருந்தே 4 ரூபாய் 50 காசு போடுவார்கள், 500க்கு மேலே போனதற்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! அப்புறம் விகிதங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, ஆனால் இந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது.

அதனால் மீட்டர் ரீடிங் எடுத்துப் போன தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைப்போம். ஐம்பதாம் நாள் வாக்கில் நானே மீட்டரைப் பார்ப்பேன். 500ஐ நெருங்குகிறது என்றால் கடைசிப் பத்து நாள் அயர்ன் பாக்ஸும் கீசரும் லீவு. கோடையில் ஏசி ஓடும் மாதங்களில் இது பலிக்காது, தெரிந்தே விட்டுவிடுவோம். மற்ற மாதங்களில் பலிக்கிறது.

இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதற்கு எங்களுக்கு அதிகம் உதவியது பிஎல்டிசி ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். ஆனால் எல்லா அறைக்கும் மாற்றுவது வீண். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறைகளுக்கு மட்டும் மாற்றினோம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேன் எத்தனை வருடம் ஓடினாலும் புது ஃபேன் விலையைத் திருப்பித் தராது. இன்னொன்று, பிஎல்டிசி ஃபேன் கெட்டால் நூறு ரூபாய்க் கெப்பாசிட்டர் வைத்தியம் செல்லாது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். வாங்கும்போது வாரண்டி எத்தனை வருடம் என்று பார்ப்பது அவசியம்.

கூரையில் சோலார் போடலாம் என்று கணவர் ஒரு நாள் கிளம்பினார். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. கணக்குப் போட்டோம். பில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில், முதல் 100 இலவசம், அடுத்த 100 மலிவு. சோலார் மிச்சப்படுத்தும் யூனிட்டுகளில் பல ஏற்கெனவே மலிவானவை. மானியம் போக நாம் போடும் பணம் திரும்பி வரப் பல வருடம் ஆகும். இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு இது வேறு கணக்கு, தாராளமாகப் போடலாம். எங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

சரி, சமையலறைக்கு வருகிறேன்.

கோவைக்காரர்களிடம் போய் மாவு பாக்கெட்டைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் முறைப்பார்கள். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது. மாவை வீட்டில் ஆட்டுவதில் பண மிச்சம் நிஜம். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் சுமார் மூன்று கிலோ மாவு வரும். கடையில் அதே மூன்று கிலோ மாவு வாங்கும் காசில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ரேஷன் புழுங்கல் அரிசி போட்டால் இன்னும் குறையும். 2011இலிருந்து அரிசி கார்டுக்கு அந்த அரிசி இலவசம். நல்லதாக வந்த மாதத்தில் இட்லி பஞ்சாக வருகிறது. வேலைக்குப் போகிறவர்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வேறு எந்தக் கடையில் கிடைக்கும்? கரண்டும் பெரிய செலவில்லை. 150 வாட் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆனால் கூலி? ஊற வைப்பது, கிரைண்டரை ஓட விட்டுப் பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவது, வழிப்பது, அப்புறம் கல்லைத் தூக்கிக் கழுவுவது. கழுவுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. இது பல காலம் என் தலையிலும், எனக்கு முன்னால் அத்தை தலையிலும் இருந்தது. அத்தை என்றால் என் மாமியார். பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், பருத்திக்காட்டில் வேலை பார்த்த கை. முட்டி வலி வந்த பிறகு குழவிக்கல்லைத் தூக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரிடம் சொன்னேன்: “ஏனுங்க, மாவு பாக்கெட் வாங்கிக்கலாம். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை மாவு உங்க வேலை.”

அவர் யோசித்துவிட்டு, “ஆட்டறேன்” என்றார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. “அவன் ஆட்டறதா? நீ சும்மா இரு அம்மிணி, நான் பார்த்துக்கறேன்” என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு, உளுந்து பதம் பார்த்துச் சொல்வது மட்டும் அவர் வேலை. ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார். மிதந்தால் வழிக்கலாம். கணவர் இதில் ஒரு பெருமை வேறு கண்டுபிடித்துவிட்டார். ஆபீஸில் போய் உளுந்தை முதலில் ஆட்ட வேண்டுமா அரிசியையா என்று வாதம் செய்கிறாராம். செய்யட்டும். கல்லைக் கழுவினால் போதும்.

இப்படிப் பிழைத்தது மாவு. படுத்தது வடகம்.

சித்திரை பிறந்து, கத்திரி வெயில் தொடங்கினால் அத்தைக்குக் கை பரபரக்கும். ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, மாடியில் பழைய வேட்டி விரித்துப் பிழிய வேண்டும் என்பார். கடையில் வத்தல் பாக்கெட் விலையைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். சேலத்து ஜவ்வரிசி கிலோ விலைக்கும், அதையே வத்தலாகப் பாக்கெட்டில் போட்டு விற்கும் விலைக்கும் நிறைய வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள் இருப்பது என்ன? முந்தின ராத்திரி ஊற வைப்பது, நாலு மணிக்கு எழுந்து அடி பிடிக்காமல் கிண்டுவது, வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிப்பது, காக்கை ஓட்டுவது, சாயங்காலம் உரித்துத் திருப்பிப் போடுவது, மூன்று நாள் வானத்தைப் பார்ப்பது.

அத்தையின் ஊரில் இதை யாரும் தனியாகச் செய்ததில்லை. ஐந்தாறு வீட்டுப் பெண்கள் ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் கூடுவார்கள், மறுநாள் அடுத்த வீடு. பிழிகிறவள் ஒருத்தி, கிண்டுகிறவள் ஒருத்தி, ஊர்க்கதை சொல்கிறவள் ஒருத்தி. காக்கை ஓட்டப் பிள்ளைகள். வேலை என்ற நினைப்பே இருந்திருக்காது. அதே வேலையை இங்கே மூன்றாவது மாடித் தளத்தில் ஒருத்தி தன்னந்தனியாகச் செய்தால் அது சிக்கனம் இல்லை, தண்டனை. இதைச் சொன்னபோது அத்தைக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “மோர் மிளகாய் மட்டுமாவது போடலாமா?” என்று கேட்டார்.

மோர் மிளகாய் போடலாம். அதில் வேலை குறைவு. மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ராத்திரி ஊற விட்டு, பகலில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றி மிளகாய்க்குள் ஏறும் வரை இதுதான். சுண்டைக்காயும் அப்படியே, கீறுவதற்குப் பதில் நசுக்க வேண்டும். காக்கைக்கும் இவற்றின் மேல் ஆசை கிடையாது. இந்த இரண்டும் எங்கள் வீட்டில் நீடிக்கின்றன.

குழம்புத் தூளும் நீடிக்கிறது, அதற்குக் காரணம் அரவை மில். மல்லியும் மிளகாயும் வாங்கிக் காய வைத்து, மிளகு, சீரகம், மஞ்சள் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் மெஷின் அரைத்துத் தருகிறது. காய வைப்பது மட்டும்தான் நம் வேலை. ஒரு முறை அரைத்தால் நாலைந்து மாதத்துக்குக் கவலை இல்லை. மில் வாசலில் காத்திருக்கும் நேரம் கணவருடையது.

புளி இன்னும் வேடிக்கை. வருடப் புளியை மாசி, பங்குனியில், புதுப் புளி வரும்போது வாங்கிவிடுவோம். கொட்டை எடுத்த புளிக்கும் எடுக்காததற்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு. கொட்டையோடு வாங்கி, நாரும் கொட்டையும் எடுத்து, கல் உப்புத் தூவிப் பானையில் அழுத்தி வைத்தால் வருடம் முழுக்க நிற்கும். இதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டுமே என்றால், புளி வரும் நேரமும் ஐபிஎல் தொடங்கும் நேரமும் ஒன்று! டிவி முன்னால் செய்தித்தாளை விரித்து, நடுவில் புளியைக் கொட்டிவிட்டால் போதும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறும், அவ்வளவுதான்.

எங்கள் வாரநாள் சிக்கனம் உண்மையில் அரிசியும் பருப்பும்தான். கொங்கு வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சாப்பாடு. அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் ஒரே குக்கரில் போய் மூன்று விசிலில் இறங்கிவிடும். மேலே ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் தயிர். குழம்பு தனி, பொரியல் தனி, ரசம் தனி என்று மூன்று அடுப்பு எரிவதில்லை. ஆண்கள் சமைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. குக்கரில் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி போனால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அன்றைய சமையலை ஓட்டிவிடலாம்; அது ஒரு நாள் சமாளிப்பு, புது கேஸ்கெட்டே வாங்கிவிடுவது நல்லது. சேஃப்டி வால்வு மட்டும் அந்தக் கம்பெனியுடையதே போட வேண்டும். அதில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி நான் சண்டை போடும் விஷயம், வீட்டிலேயே சுத்தம் செய்யும் திரவங்கள். வினிகரையும் சோடா உப்பையும் கலந்தால் பொங்குகிறது, பார்க்க ஜோராக இருக்கிறது, வீடியோவில் எல்லோரும் செய்கிறார்கள். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். நுரை பொங்குவது கார்பன் டை ஆக்ஸைடு. அழுக்கை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா உப்பு. எங்கள் போர் தண்ணீர் படியவிடும் வெள்ளைக் காரைக்கு அமிலம். அது சுண்ணாம்புதானே, அமிலத்தில் கரையும். வினிகரைவிட மலிவு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஷவர் துளைகள் அடைத்துக்கொண்டால் கழற்றி அந்தக் கரைசலில் ராத்திரி போட்டு வைத்தால் காலையில் புதிதாகிவிடும். வாஷிங் மெஷினில் துணி போடாமல், நூறு கிராம் போட்டுச் சுடுதண்ணீர் ஓட்டம் ஒன்று விட்டால் டிரம்மில் படிந்த காரை இறங்கும். ஒரு எச்சரிக்கை: எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், பாத்ரூமைப் போல் மூடிய இடத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

சோப்பு செய்வதை நான் கணக்குப் பார்த்தே ஒதுக்கிவிட்டேன். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அதைக் காஸ்டிக் சோடாவில் கலந்து, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஊற்றி, நாலு வாரம் காய விட்டு எடுத்தால் கடைச் சோப்பைவிட அதிகம் ஆகிறது. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் செய்யலாம், அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி. பூந்திக்கொட்டை மட்டும் ஒரு டப்பாவில் இருக்கிறது, பட்டுப் புடவை அலச. பள்ளிச் சட்டையில் கொட்டிய சாம்பாரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மாடித்தோட்டமும் கிட்டத்தட்ட இதே ரகம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் பைகளும் விதையும் தருகிறது, நல்ல விஷயம். ஆனால் பையில் தக்காளி வைத்து, தென்னைநார்க் கழிவு வாங்கி, உரம் வாங்கி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிப் பறிக்கும் தக்காளியின் அடக்க விலையைப் போட்டுப் பாருங்கள், உழவர் சந்தை விலையைத் தாண்டி எங்கேயோ நிற்கும். எங்களுக்குக் கட்டுப்படியானவை சில மட்டும்: கறிவேப்பிலை, வாங்கிய கட்டின் தண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும் புதினா, மூன்று நாலு வாரத்தில் பறிக்கிற கீரை. இவை அடிக்கடி வேண்டும், கொஞ்சமாக வேண்டும், வாங்கினால் ஃப்ரிட்ஜில் அழுகும். மற்றதற்கு ஞாயிறு காலை ஆறு மணிக்கு உழவர் சந்தை. விலை பலகையில் எழுதியிருக்கும், தராசோடு சண்டை இல்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் எங்கள் சிங்காநல்லூர் வரை வந்து இத்தனை வருடம் ஓடுகிறது என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான். ஏழரை மணிக்குப் போனால் நல்ல காய் போய்விட்டிருக்கும்.

கேஸ் அடுப்பின் குழாய், கீசர், ஏசிக்குள் கேஸ் நிரப்புவது, மெயின் போர்டு, இவற்றைத் தொடுவதில்லை. கேஸ் டியூப் மேலே அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குள் மாற்றச் சொல்வது மட்டும் நம் வேலை. சிலிண்டர் வரும்போது, கழுத்து வளையத்தைத் தாங்கும் பட்டையில், அடுத்த சோதனை எப்போது என்று காட்ட ஏ, பி, சி, டி என்பதில் ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், அப்படியே மும்மூன்று மாதம். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். கசிவு சந்தேகம் என்றால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

துணி விஷயத்தில் மட்டும் அத்தைதான் வீட்டின் தலைவி. திருப்பூர் அரை நாள் தூரம்கூட இல்லை என்பதால் பனியன், டி-ஷர்ட் எல்லாம் காதர்பேட்டையில் மொத்தமாக வாங்குகிறோம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, தையலில் சின்னக் குறை உள்ளது என்று வகை வகையாகக் குவிந்திருக்கும். தோள் தையலையும் கழுத்துப் பட்டியையும் இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். கிழிந்தவை வீட்டில் படி இறங்கும். பழைய வேட்டி முதலில் இட்லித் துணி. நூல் மெலிந்து மிருதுவான வேட்டியில்தான் இட்லி ஒட்டாமல் வரும். பனியன் துணி வண்டி துடைக்க. சுடிதார் துப்பட்டா தலையணை உறை. புடவை நாலு மடிப்பில் தைத்தால் போர்வை.

அத்தையிடம் காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தின்போது சீராக வந்தது. பள்ளி யூனிஃபார்ம் பேண்ட்டை எப்போதும் நீளமாக வாங்கி, உள்ளே மூன்று விரல் மடிப்பு வைத்து அடிப்பார்; பையன் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்பார். மங்கிய கோடு தெரியுமே என்றால் அந்த இடத்தில் ஒரு தையல் ஓட்டி மறைத்துவிடுவார். இந்த வருடம் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று மெஷினுக்கு மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் பேண்ட், அவனே பிரித்து அவனே அடிக்கட்டும் என்பது அவர் கட்சி. நாலாவது படிக்கும் மகளும் வரிசையில் நிற்கிறாள், அவளுக்குக் கால் எட்டவில்லை.

முதல் தையல் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. “உள்பக்கம்தானே அப்பத்தா, யாரு பார்க்கப் போறா?” என்றான் அவன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தார். கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்து, “பிரிச்சுப் போட்டு மறுக்கா அடி, கண்ணு” என்றார்.